எங்கே, எப்போது, எவ்வளவு: லைட் ஷோவை லேப்டாப்பில் ஒத்திகை பார்ப்பது

ஒரு பெரிய கச்சேரிக்குப் போயிருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். மேடை முழுக்க இருட்டு. ட்ரம்ஸில் முதல் அடி விழுகிறது. அதே நொடியில் மேலே தொங்கும் 200 லைட்டும் ஒன்றாகத் திரும்பி, நீல நிறத்தில் கூட்டத்தின் மேல் பாய்கின்றன. நீங்க கத்துறீங்க, போனை எடுக்குறீங்க. அந்த 200 லைட்டுக்கும் எந்தப் பக்கம் திரும்பணும், என்ன நிறம் காட்டணும், எந்த நொடியில் எரியணும்னு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார். கேள்வி என்னன்னா, அவர் அதை எப்போ சொல்லிக் கொடுத்தார்?

ஏன்னா, அந்த லைட்டுகள் அந்த ஹாலில் ஏறியதே அன்று காலையில்தான். மதியம் வரைக்கும் ட்ரஸ் ஏற்றும் வேலை. அப்புறம் சவுண்ட் செக். "லைட் பார்க்கணும், கொஞ்சம் ஹாலை இருட்டாக்குங்க"ன்னு கேட்டுப் பாருங்க. கீழே கேபிள் இழுப்பவர் முதல் எல்இடி வால் மாட்டுபவர் வரைக்கும் எல்லாரும் திட்டுவாங்க. அவங்க திட்டுறதும் நியாயம்தான்.

பதில் இதுதான்: பெரிய ஷோக்களில் அந்த வேலையின் பெரும்பகுதி ஹாலில் நடப்பதே இல்லை. சில வாரங்களுக்கு முன்பே, ஏதோ ஒரு ரூமில், கம்ப்யூட்டர் திரையில் முடிந்துவிடுகிறது. இதற்குப் பெயர் ப்ரீ-விஷுவலைசேஷன். தொழிலில் இருப்பவர்கள் 'ப்ரீவிஸ்' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஹாலையும் மேடையையும் ஒவ்வொரு லைட்டையும் முப்பரிமாணத்தில் கட்டி, உண்மையான கன்ட்ரோல் டெஸ்க்கை அதோடு இணைத்து, முழு ஷோவையும் ஓட்டிப் பார்ப்பது.

நான் லைட்டிங் ப்ரோகிராமிங் செய்பவன். இந்தத் திரைக்கு முன்னால் பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். இந்த எபிசோடில் சொல்ல வருவதை மூணே கேள்விகளில் அடக்கிவிடலாம். லைட் எங்கே போகிறது? எப்போது போகிறது? எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது? முதல் இரண்டு கேள்விக்கும் ப்ரீவிஸ் சொல்லும் பதிலை நம்பலாம். மூன்றாவதுக்கு அது சொல்லும் பதிலை நம்பவே கூடாது. ஏன் அப்படின்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

50 நிமிடக் கணக்கு

முதலில், இது ஏன் ஆடம்பரம் இல்லை, அவசியம் என்பதற்கு ஒரு நிஜக் கணக்கு. யூரோவிஷன் பாட்டுப் போட்டி. 2022-ல் உக்ரைன் ஜெயித்தது. வழக்கப்படி ஜெயித்த நாடுதான் அடுத்த வருஷம் நடத்தணும். போர் காரணமாக அங்கே நடத்த முடியவில்லை. அதனால் 2023 மே மாதம் உக்ரைன் சார்பில் பிரிட்டன், லிவர்பூலில் நடத்தியது. லைட்டிங் டிசைனர் டிம் ரவுட்லெட்ஜ்.

37 நாடுகள், 37 பாட்டுகள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 3 நிமிடம். ஒவ்வொரு பாட்டும் வேறொரு உலகமாகத் தெரியணும்; ஆனால் மேடை ஒன்று, மேலே தொங்கும் லைட்டுகளும் அதே லைட்டுகள். ஒரு நாட்டுக்கு மேடையில் கிடைக்கும் தனி ஒத்திகை இரண்டு: முதல் முறை 30 நிமிடம், அடுத்த முறை 20 நிமிடம். மொத்தம் 50 நிமிடம். அதற்குள் பாடகரின் நிற்கும் இடம், கேமரா, சவுண்ட், நடனம், புகை, நெருப்பு எல்லாமே சரியாகணும்.

ஒரு பாட்டுக்கு 100 லைட்டிங் கியூ என்று வைத்துக்கொள்வோம். கியூ என்றால், லைட்டுகள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் ஒவ்வொரு தருணமும். 50 நிமிடத்தை 100-ஆல் வகுத்தால் கியூவுக்கு 30 விநாடி. அந்த 30 விநாடியில் ஒரு கியூவை யோசித்து, உருவாக்கி, பார்த்து, திருத்துவது நடக்கிற காரியமா? ஹாலில் அந்த 50 நிமிடம் திருத்துவதற்குத்தான் பத்தும். உருவாக்கும் வேலை முன்னாடியே முடிந்திருக்கணும்.

நம்ம ஊர் கணக்கு இதைவிட மோசம். கல்லூரி கல்ச்சுரல்ஸ், கல்யாண ரிசப்ஷன், ஆடியோ லான்ச், எதுவாக இருந்தாலும் காலையில் வண்டி வரும், சாயங்காலம் கூட்டம் வரும். இடைப்பட்ட நேரத்தில் லைட் ஆளுக்கு ஒரு மணி நேரம் தனியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

கையால் திருப்பிய காலம்

இந்தத் தேவை எப்போது வந்தது? லைட்டுகள் தானாகத் திரும்ப ஆரம்பித்தபோது.

அதற்கு முன்னால் கச்சேரி மேடைகளில் இருந்தது பெரும்பாலும் பார் கேன். உள்ளே ஒரு பல்பு, முன்னால் கலர் பேப்பர். ஒருவர் ஏணியில் ஏறி, கையால் திருப்பி, போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்குவார். அதோடு அந்த லைட் எங்கே பார்க்கும், என்ன நிறம் என்பது முடிவாகிவிட்டது. மிச்சமிருப்பது ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது. அதை ஒத்திகை பார்க்கக் கம்ப்யூட்டர் எதற்கு?

1981 செப்டம்பர் 25 அன்று பார்சிலோனாவில் ஜெனிசிஸ் இசைக்குழுவின் கச்சேரி. அங்கேதான் வாரி-லைட் என்ற லைட் முதன்முறையாக ஒரு ஷோவில் பயன்பட்டது. அமெரிக்காவில் டல்லஸைச் சேர்ந்த ஷோகோ நிறுவனத்தின் உருவாக்கம். தூரத்தில் உட்கார்ந்தபடியே அந்த லைட்டைத் திருப்பலாம், நிறம் மாற்றலாம். நாம் இன்று 'மூவிங் ஹெட்' என்று சொல்லும் எல்லா லைட்டுக்கும் மூதாதை அது.

அன்றிலிருந்து ஒரு லைட் எடுக்க வேண்டிய முடிவுகள் கட்டுக்கடங்காமல் போய்விட்டன. இன்றைய மூவிங் ஹெட்டில் இடம்-வலம் திரும்பும் அச்சுக்கு மட்டும் பொதுவாக இரண்டு சேனல்கள் ஒதுக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பெருக்கினால் 65,536 நிலைகள், ஒரே அச்சில். மேல்-கீழ் அச்சு தனி. நிறம் தனி, ஒளிக்கற்றையின் அகலம் தனி, உள்ளே வைக்கும் வடிவத் தகடு தனி. இதைப் போல 200 லைட். ஹாலை இரவு முழுக்க வாடகைக்கு எடுத்து, குழு முழுவதும் தூக்கம் விழித்து ப்ரோகிராம் செய்வதுதான் ஒரே வழியாக இருந்தது. தூக்கமில்லாத ஒரு குழு மறுநாள் உயரத்தில் ஏறி வேலை செய்யும் என்பதையும் சேர்த்துப் பாருங்க.

1990-களில் கனடாவின் டொராண்டோவில் இருக்கும் காஸ்ட் நிறுவனம் 'விஸிவிக்' என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரின் முழு அர்த்தம்: நீ எதைப் பார்க்கிறாயோ அதுவே உனக்குக் கிடைக்கும். அந்த வாக்குறுதி எந்த அளவுக்கு உண்மை என்பதுதான் இந்த எபிசோடின் மிச்சக் கதை. இன்று ஸ்வீடனின் கேப்சர், ஜெர்மனியின் டெபென்ஸ் எனப் பல சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. எம்ஏ லைட்டிங்கின் கிராண்ட்எம்ஏ3 மாதிரி சில டெஸ்க்குகளுக்கு உள்ளேயே முப்பரிமாணக் காட்சி இருக்கிறது. கேம் செய்யப் பயன்படும் அன்ரியல் எஞ்சினும் 2020 முதல் மேடை லைட்டுகளின் மொழியைப் புரிந்துகொள்கிறது.

டெஸ்க்குக்குத் தெரியாமல்

சரி, உள்ளே என்ன நடக்குது?

மேடை லைட்டுகள் பேசும் பொது மொழி டிஎம்எக்ஸ்512. 1986-ல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி உருவாக்கியது. ரொம்ப எளிமையான மொழி. ஒரு வரிசையில் 512 எண்கள். ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. அந்த வரிசை முழுவதும் ஒரு விநாடிக்கு அதிகபட்சம் 44 தடவை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகிறது. அவ்ளோதான். இந்த 512 எண் கொண்ட வரிசையை 'யூனிவர்ஸ்' என்பார்கள்.

நம்ம ஊரில் மெல்லிய ஒளிக்கற்றை அடிக்கிற எல்லா லைட்டையும் 'ஷார்பி' என்றுதான் சொல்வோம். உண்மையில் அது இத்தாலியின் க்ளே பேக்கி நிறுவனத்தின் ஒரு மாடலின் பெயர். அந்த ஷார்பியை 16 சேனல் முறையில் ஓட்டினால், ஒரு யூனிவர்ஸில் 32 லைட் அடங்கும். 40 சேனல் கேட்கும் பெரிய லைட் என்றால் 12-தான் அடங்கும். எந்த லைட் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று முகவரி கொடுப்பதற்குப் பெயர் 'பேட்ச்'.

பெரிய ஷோவில் பல யூனிவர்ஸ்கள் தேவைப்படும். அதனால் இந்த எண்களை ஆர்ட்-நெட், எஸ்ஏசிஎன் என்ற முறைகளில் சாதாரண நெட்வொர்க் கேபிளில் அனுப்புகிறார்கள். ப்ரீவிஸ் உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். கேபிளின் மறுமுனையில் ட்ரஸ்ஸில் தொங்கும் லைட்டுகளுக்குப் பதிலாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதே எண்களை வாங்கி, '17-வது லைட் இப்போது 30 டிகிரி இடப்பக்கம், சிவப்பு, பாதி வெளிச்சம்' என்று படம் வரைகிறது. டெஸ்க்குக்கு வித்தியாசமே தெரியாது. அது வழக்கம்போல எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதில் முக்கியமான விஷயம் என்னன்னா, நீங்க செய்யும் ப்ரோகிராமிங் போலி இல்லை. டெஸ்க் நிஜம், அதில் சேமிக்கும் ஷோ ஃபைல் நிஜம். திரையில் தெரியும் ஒளி மட்டும்தான் கற்பனை. ஷோ அன்று அந்த ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துப் போய், ஹாலில் உள்ள டெஸ்க்கில் திறந்து, கேபிளை நிஜ லைட்டுகளுக்கு மாற்றினால் போதும்.

ஆனால் படம் சரியாக வரணும்னா, ஒவ்வொரு மாடல் லைட்டைப் பற்றியும் சாஃப்ட்வேருக்கு எல்லாம் தெரிந்திருக்கணும்: எத்தனை டிகிரி திரும்பும், எவ்வளவு வேகத்தில், எந்த சேனல் என்ன செய்யும், ஒளிக்கற்றை எவ்வளவு அகலம். முன்பெல்லாம் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனக்கென ஒரு நூலகம் வைத்திருந்தது. ஒரே லைட் ஒன்றில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. எம்ஏ லைட்டிங், ரோபே, வெக்டர்வொர்க்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஜிடிடிஎஃப் என்ற பொது ஃபைல் வடிவத்தைக் கொண்டுவந்தன. ஒரு லைட்டின் ஜாதகம் மாதிரி அது. 2020-ல் ஜெர்மனியின் டின் ஸ்பெக் 15800 என்ற தர ஆவணமாகவும் வெளிவந்தது. கூடவே எம்விஆர் என்று இன்னொரு வடிவம்: மேடை, ட்ரஸ், லைட் எல்லாம் எந்த இடத்தில் இருக்கின்றன என்ற முழு வரைபடத்தையும் ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக.

எங்கே

இப்போ முதல் கேள்வி. திரையில் பாடகரின் முகத்தில் சரியாக விழுந்த லைட், ஹாலிலும் அங்கேயே விழுமா?

நேராக விழாது. ட்ரஸ் வரைபடத்தில் இருந்த உயரத்திலிருந்து கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும். லைட்டை மாட்டும்போது ஒரு டிகிரி சாய்ந்திருக்கலாம். ஒரு டிகிரி தானேன்னு நினைக்காதீங்க. 12 மீட்டர் தூரத்தில் ஒரு டிகிரி பிசகினால் ஒளி 21 செ.மீ. தள்ளி விழும். 20 மீட்டரில் 35 செ.மீ. முகத்தில் விழ வேண்டியது தோளில் விழும்.

அப்புறம் எப்படி 'நம்பலாம்'னு சொன்னேன்? காரணம், ப்ரீசெட் என்ற ஒரு பழக்கம். நல்ல ப்ரோகிராமர் எந்தக் கியூவிலும் 'இந்த லைட் 30 டிகிரி' என்று நேரடியாக எழுத மாட்டார். முதலில் 'பாடகர் நிற்கும் இடம்', 'ட்ரம்ஸ்', 'கூட்டம்', 'மேற்கூரை' என்று ஒரு 30 இடங்களைப் பெயர் வைத்து சேமிப்பார். பிறகு எல்லாக் கியூக்களும் அந்தப் பெயர்களைத்தான் கூப்பிடும். ஹாலில் போய் அந்த 30 இடங்களை மட்டும் நிஜ லைட்டை வைத்துத் திருத்தினால், அவற்றைக் கூப்பிடும் 400 கியூவும் தானாகச் சரியாகிவிடும். வீட்டு நம்பர் மாறினால் போன் கான்டாக்ட்டில் ஒரே இடத்தில் திருத்துவோம் இல்லையா, அதே கதை.

அதனால், ப்ரீவிஸில் கிடைக்கும் 'எங்கே' என்பது உறவுகளின் வரைபடம். எந்த லைட்டுக்கு எந்த இடம் எட்டும், எந்த ட்ரஸ் எல்இடி வாலை மறைக்கும், பால்கனியின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் மேடையின் எந்த மூலை தெரியாது. இதையெல்லாம் கச்சிதமாகச் சொல்லிவிடும். கேமராவை நகர்த்துவது மாதிரி பார்வையை எந்த இருக்கைக்கும் கொண்டுபோகலாம். விலை குறைந்த டிக்கெட் வாங்கியவருக்கு என்ன தெரியும் என்பதை டிசைனர் முன்கூட்டியே பார்க்க முடிகிற ஒரே வழி இதுதான். பார்க்கிறாரா என்பது அவர் மனசாட்சி.

எப்போது

இரண்டாவது கேள்வியில் ப்ரீவிஸ் இன்னும் பலமானது.

பாட்டோடு டைம்கோட் ஓடும். டைம்கோட் என்பது மணி, நிமிடம், விநாடி, ஃப்ரேம் எல்லாம் எண்ணும் ஒரு கடிகாரம். பாட்டின் 1 நிமிடம் 12 விநாடி 8-வது ஃப்ரேமில் இந்தக் கியூ என்று குறித்துவிட்டால், அது ரூமிலும் ஹாலிலும் அதே இடத்தில்தான் ஓடும். பாட்டு மாறாதவரை நேரமும் மாறாது.

ஆனால் நேரம் என்பது பொத்தானை அழுத்தும் நேரம் மட்டும் இல்லை. மூவிங் ஹெட் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் திரும்ப நேரம் எடுக்கும். பீட் விழும்போது அது இன்னும் திரும்பிக்கொண்டே இருந்தால் அசிங்கமாக இருக்கும். அதனால் முந்தைய இருட்டிலேயே சத்தமில்லாமல் திரும்பிக் காத்திருக்கும்படி செய்வார்கள். திரும்பும் வேகம் ஜாதகத்தில் சரியாக இருந்தால், இதைத் திரையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

தண்ணீரில் இது இன்னும் சுவாரசியம். இசைக்கு ஆடும் நீரூற்று ஷோக்களை எடுத்துக்கொள்ளுங்க. 20 மீட்டர் உயரத்துக்கு நீர் எழும்ப வேண்டுமானால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலே அது விநாடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் கிளம்பணும். உச்சிக்குப் போய்ச் சேர சுமார் 2 விநாடி ஆகும். பிளஸ் டூ இயற்பியல்தான். ஆக, பீட் விழும் நொடியில் நீர் உச்சியில் இருக்கணும்னா, வால்வ் 2 விநாடி முன்னாடியே திறக்கணும். லைட் அதே நொடியில் எரியணும். லேசருக்கும் வீடியோவுக்கும் அவரவர் கணக்கு தனி. டெபென்ஸ் சாஃப்ட்வேரைச் செய்யும் ஜெர்மனியின் சிங்க்ரோநார்ம் நிறுவனம் நீரூற்று ஷோ பக்கத்திலிருந்து வந்தது. அதனால்தான் அதில் லைட், லேசரோடு தண்ணீரும் விழுந்து எழுகிறது.

வீடியோ பக்கமும் இதே கதைதான். லண்டனில் யுனைடெட் விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற கலைக்குழு தங்கள் மேடை வேலைகளுக்காக டி3 என்ற சாஃப்ட்வேரை எழுதியது. அதுதான் வளர்ந்து இன்று டிஸ்கைஸ் என்ற பெயரில் பெரிய ஷோக்களின் எல்இடி திரைகளை ஓட்டுகிறது. அதன் மையமே, மேடையின் முப்பரிமாண மாதிரியில் வீடியோ எங்கே எப்போது வரும் என்று முன்பே பார்ப்பது.

எவ்வளவு

இப்போ மூன்றாவது கேள்வி. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், குறிப்பாக வாடிக்கையாளர்கள்.

முதல் பிரச்சினை, நீங்க பார்க்கும் திரை. லேப்டாப் திரையின் உச்ச வெளிச்சம் பொதுவாக 300 முதல் 500 நிட்ஸ். மேடைக்குப் பின்னால் நிற்கும் எல்இடி வால் 1,000 நிட்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். வெளியரங்க வால் பல ஆயிரம். லேப்டாப்பில் அந்த வாலும், அதன் முன்னால் பாடகர் முகத்தில் விழும் லைட்டும் சமாதானமாகச் சேர்ந்து வாழும். ஹாலில் வால் முகத்தை விழுங்கிவிடும். பாடகர் ஒரு கறுப்பு உருவமாக நிற்பார்.

இரண்டாவது, கண். இருட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்த கண்ணுக்கு ஒரு சின்ன வெளிச்சம் போதும். பளீரென்று அடித்த பிறகு அதே கண்ணுக்குப் பெரிய வெளிச்சமும் மங்கல்தான். இந்தப் பழக்கத்தை எந்தத் திரையும் காட்டாது.

மூன்றாவது, புகை. ஒளிக்கற்றை காற்றில் தெரிவதே அங்கே மிதக்கும் துகள்களால்தான். சாஃப்ட்வேரில் புகை என்பது ஒரு ஸ்லைடர்: இழுத்தால் ஹால் முழுக்க ஒரே சீராகப் பரவும். நிஜத்தில் ஏசி எந்தப் பக்கம் ஊதுகிறதோ அந்தப் பக்கம் போகும். கடற்கரைப் பக்கம் திறந்தவெளி மேடை என்றால் சில விநாடிகளில் காணாமலே போய்விடும். திரையில் அழகான விசிறி போல விரிந்த 40 ஒளிக்கற்றைகள், அன்றைக்கு மேடையில் 40 வெளிச்சப் புள்ளிகளாக மட்டும் நிற்கும்.

நான்காவது, மனிதர்கள். ப்ரீவிஸில் நிற்பவர் ஒரு சாம்பல் நிறப் பொம்மை. மேடையில் நிற்பவருக்குத் தோல் நிறம் இருக்கு, பட்டுச் சேலையில் ஜரிகை இருக்கு, வெள்ளை வேட்டி இருக்கு. அடர் நீல எல்இடி வெளிச்சம் பொம்மைக்கு அழகு. நம்ம ஊர் மாநிறத் தோலில் அது முகத்தையே அழித்துவிடும். கேமரா வந்துவிட்டால் இன்னும் ஒரு சிக்கல்: கேமராவின் வெள்ளைச் சமநிலை எதுவோ, அதைப் பொறுத்து எல்லா நிறமும் நகரும்.

இதற்குப் பெரிய சாட்சி லாஸ் வேகஸின் ஸ்ஃபியர். 2023 செப்டம்பர் 29 அன்று யு2 கச்சேரியோடு திறந்தார்கள். உள்ளே பார்வையாளர்களைச் சுற்றி வளைக்கும் எல்இடி திரை, சுமார் 1,60,000 சதுர அடி. கம்ப்யூட்டருக்குப் பஞ்சமே இல்லாத இடம் அது. ஆனாலும் அவர்கள் கலிஃபோர்னியாவின் பர்பேங்கில் அதே கூண்டை நான்கில் ஒரு பங்கு அளவில் நிஜமாகவே கட்டினார்கள். 'பிக் டோம்' என்று பெயர். காட்சிகளை உள்ளே நின்று கண்ணால் பார்ப்பதற்காக. தலைக்கு மேல் வரைக்கும் சூழும் ஒரு வெளிச்சம் உடம்பில் எப்படி உறைக்கும் என்பதை மானிட்டர் சொல்லாது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் என் வழக்கம் இது. ஹாலில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தை இடங்களைத் திருத்துவதற்கு அடுத்தபடியாக வெளிச்ச அளவுகளுக்கு மட்டும் செலவழிப்பேன். புதுக் கியூ எதுவும் அங்கே உருவாக்க மாட்டேன். எங்கே, எப்போது என்பதைத் திரையில் முடித்துவைப்பதன் பயனே, எவ்வளவு என்பதை ஹாலில் நிதானமாகப் பார்க்க நேரம் மிஞ்சுவதுதான்.

படம் கீழே விழாது

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை ப்ரீவிஸ் படம் கேட்கவே கேட்காது: தாங்குமா?

ஒரு மூவிங் ஹெட் சராசரியாக 20 முதல் 40 கிலோ. 30 கிலோ என்று வைத்தால், ஒரு ட்ரஸ்ஸில் 24 லைட் 720 கிலோ. கேபிள், ட்ரஸ், மோட்டார் எடை தனி. திரையில் இன்னும் 10 லைட்டைச் சேர்ப்பது இரண்டு க்ளிக். படம் அப்படியே அழகாக நிற்கும். புவியீர்ப்பு அங்கே இல்லை.

2012 ஜூன் 16, டொராண்டோவின் டவுன்ஸ்வியூ பார்க். ரேடியோஹெட் கச்சேரிக்குக் கூட்டத்தை உள்ளே விடுவதற்குச் சற்று முன்பு மேடையின் கூரை சரிந்தது. ட்ரம்ஸ் டெக்னீஷியன் ஸ்காட் ஜான்சன் இறந்தார். அதற்குக் காரணம் ப்ரீவிஸ் இல்லை, மேடைக் கட்டமைப்பு. ஆனால் தலைக்கு மேல் தொங்கவிடும் ஒவ்வொரு கிலோவுக்கும் கீழே ஒரு மனுஷன் நிற்கிறான் என்பதை மறக்காமல் இருக்க அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கிறேன். வெக்டர்வொர்க்ஸில் ட்ரஸ்ஸின் சுமையைக் கணக்கிட பிரேஸ்வொர்க்ஸ் என்று தனிக் கருவி உண்டு. அது இருந்தாலும், கடைசிக் கையெழுத்து தகுதியுள்ள பொறியாளருடையதாக இருக்கணும். அழகான ரெண்டரைக் காட்டி ஒப்புதல் வாங்குபவரிடம் "எடைக் கணக்கு எங்கே?" என்று கேளுங்க. தயங்காம கேளுங்க.

எங்கிருந்து தொடங்குவது

நிறைய பேர் கேட்டது: இதைக் கத்துக்கணும்னா எவ்வளவு செலவாகும்?

பதினைந்து, இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு வாசல்தான். ஒரு கம்பெனியில் சேர்ந்து, பெட்டி தூக்கி, கேபிள் சுற்றி, சீனியர் சாப்பிடப் போகும் நேரத்தில் டெஸ்க்கைத் தொட்டுப் பார்ப்பது. பெரிய டெஸ்க்கின் விலை லட்சக்கணக்கில். தனியாக வாங்கிக் கற்பது யாருக்கும் கட்டுப்படியாகாது. பெட்டி தூக்கும் வாசலில் பெண்களை உள்ளே விடுவதற்கும் பல இடங்களில் தயங்கினார்கள்.

இப்போது கிராண்ட்எம்ஏ3 டெஸ்க்கின் கம்ப்யூட்டர் பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நிஜ லைட்டுகளை இயக்க அவர்களுடைய ஹார்டுவேர் வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் முப்பரிமாணக் காட்சியில் ப்ரோகிராம் செய்து கற்க எதுவும் வாங்க வேண்டாம். ப்ளெண்டர் தெரிந்தவர்களுக்கு ப்ளெண்டர்டிஎம்எக்ஸ் என்ற திறந்த மூல இணைப்பு இருக்கிறது; அதுவும் இலவசம், ஜிடிடிஎஃப்-ஐயும் படிக்கும். மாணவர்களுக்கு வெக்டர்வொர்க்ஸ் கல்வி உரிமம் தருகிறது.

ஒரு பயிற்சி சொல்றேன். 6 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு ட்ரஸ். அதில் 12 லைட் மட்டும். உங்களுக்குப் பிடித்த 3 நிமிடப் பாட்டு ஒன்று. 5 இடம், 5 நிறம் ப்ரீசெட். இதற்குள் முழுப் பாட்டையும் முடியுங்க. 500 லைட் போட்டு அள்ளித் தெளிக்க யாராலும் முடியும். 12 லைட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் வித்தியாசம் காட்டும்போதுதான் வேலை பிடிபடும்.

முடித்த பிறகு ஒன்று கட்டாயம் செய்யுங்க. காலேஜ் ஆடிட்டோரியமோ, தெரிஞ்ச அண்ணனோட லைட் குடோனோ, எங்கேயாவது போய் ஒரே ஒரு நிஜ லைட்டை எரியவிட்டுப் பாருங்க. ஒரு நண்பரை அதன் முன்னால் நிற்கவைத்து, திரையில் நீங்க 50 சதவீதம் வைத்த அதே அளவை வையுங்க. அவர் கண்ணைச் சுருக்குகிறாரா, முகம் தெரிகிறதா என்று பாருங்க. திரை உங்களுக்குச் சொல்லாத மிச்சத்தை அந்த முகம் சொல்லும்.

எங்கே, எப்போது என்பதை வீட்டிலேயே முடிச்சுட்டுப் போங்க. எவ்வளவு என்பதை ஹாலில் போய்க் கேளுங்க. தாங்குமா என்பதைப் பொறியாளரிடம் கேளுங்க. இந்த வரிசையில் வேலை செய்தால், ஷோவுக்கு முந்தைய ராத்திரி குழுவில் எல்லாருக்கும் கொஞ்சமாவது தூக்கம் கிடைக்கும்.

12 லைட் பயிற்சியைச் செய்து பார்த்தவர்கள் வீடியோவை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் நல்லதாகச் சிலதை எடுத்து ஒவ்வொரு கியூவாகப் பேசுவோம்.